அம்மா கொடுத்த புள்ளிகள்

நீச்சல்குளத்தில் அவளிடம் நீச்சல் பழக வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்டுவிடுவார்கள்: "மிஸ், மை குடிச்சீங்களா?" அவள் உதடெங்கும் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். அம்மாவிடமிருந்து வந்தவை. கூடவே சிறுகுடலில் காம்பு வைத்த சதைக்கட்டிகளும் வந்திருந்தன. அம்மாவுக்கு அப்படியொரு கட்டி குடலை இழுத்துக் குடலுக்குள்ளேயே செருகிவிட்டது. மூன்று முறை வயிற்றைத் திறந்தார்கள். மூன்றாம் முறை அம்மா கண் விழிக்கவில்லை.

"உங்களுக்கு வயித்தைக் கிழிக்க வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. "வாய் வழியா பலூன் வெச்ச குழாய் போகும். சட்டைக் கையை மேல ஏத்துற மாதிரி குடலைக் குழாய் மேல ஏத்திக்கிட்டே போவோம். கட்டி தெரிஞ்சா கம்பிச் சுருக்கு மாட்டி, சூடு வெச்சு அறுத்திடுவோம்."

துணைக்கு வந்த தம்பி மீசையைத் தடவிக்கொண்டான். உதட்டுப் புள்ளிகளை மறைக்கத்தான் அவனுக்கு அந்த மீசை. "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்று ஐந்து வருடமாகப் பரிசோதனையைத் தட்டிக்கழித்து வந்தான்.

ஊசி ஏறியது. கூரை விளக்கு, தண்ணீருக்கடியிலிருந்து பார்க்கும் சூரியனாக நெளிந்தது. அவள் மூழ்கினாள், மூச்சு முட்டவில்லை. வெதுவெதுப்பான, ரோஜா நிறத் தண்ணீர். பக்கத்தில் அம்மா நீந்திக்கொண்டிருந்தாள், நீச்சலே தெரியாத அம்மா.

"பயமா இருக்காம்மா?"

"உன்னப் பெத்தப்ப இருந்துச்சு. இப்ப இல்ல."

வெகு தூரத்தில் ஒரு குரல் எண்ணியது: ஆறு... ஏழு... எட்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் உடம்பு லேசாகிக்கொண்டே போனது.

விழித்தபோது தொண்டை எரிந்தது. வயிறு காற்றால் உப்பியிருந்தது.

"பதினொண்ணு எடுத்தாச்சு," என்றார் டாக்டரம்மா. "ஆழத்துல இன்னும் ரெண்டு இருக்கு. அடுத்த மாசம் கீழ் வழியா போய் எடுக்கணும். அப்புறமும் அப்பப்ப பாத்துக்கிட்டே இருக்கணும்மா. குடல் அடைக்கிறவரைக்கும் விடக்கூடாது."

தம்பியைக் காணவில்லை. ஓடிவிட்டான் என்றே நினைத்தாள். அரை மணி கழித்து, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து நின்றான்.

"எடுத்ததுல பெருச காட்டினாங்கக்கா. ஒரு எலுமிச்சங்கா அளவு. இத்தனூண்டா நம்ம அம்மாவ..." முழங்கையை நீட்டிக் காட்டினான். "டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்தேன்."

அவள் நகர்ந்து படுக்கையில் இடம் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அவனுக்கும் அம்மாவின் நோய் இருந்தது. முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்தான்.

"நீ போற அன்னிக்கே எனக்கும் நாள் வாங்கிடு. யாரு முதல்ல?"

"நீதான். என்னைய உள்ள அனுப்பிட்டு நீ கம்பி நீட்டிடுவ."