அறுபத்தோராம் மண்டலத்தின் வாசல்

நிலத்தடி ரயில் பாதையின் கிழக்கு நீட்டிப்புக்கான வரைவு அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை கையெழுத்தானது. அடுத்த திங்கட்கிழமை காலை ஆறே முக்காலிலிருந்து பத்து மணிக்குள், அந்த அறிக்கைக்கு ஆள் கணக்குப் போட்ட பயணிகள் மதிப்பீட்டாளர் வீட்டின் சாமான் அறையிலிருந்து ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பேர் வெளியே வந்து வேலைக்குப் போனார்கள். அந்த அறையில் இரண்டு பழைய பெட்டிகளும் ஒரு கால் உடைந்த நாற்காலியும் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. முதலில் வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நான்கு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே கால் வைத்தவர், இங்கே கூடத்தில் வந்து நின்றார். திரும்பிப் பார்த்தார், கதவு மூடியிருந்தது. “இது என் வீட்டு வாசல் இல்லையே?” என்று கேட்டார். மதிப்பீட்டாளர் பல் துலக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. துலக்கிக்கொண்டிருக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். அலுவலகத்தில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர். கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தார், மூன்றடி அகல வாசல் வழியாகத் தெருவில் இறங்கிப் போனார். அவர் பின்னாலேயே ஒரு பள்ளி ஆசிரியையும், மூன்று தையல் தொழிலாளிகளும், ஈரத் தலையோடு ஒரு வக்கீலும் வந்தார்கள்.

காரணம் மதிப்பீட்டாளருக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. பாதை போடுகிறவர்கள் ஊரை வீடு வீடாக எண்ணுவதில்லை. மண்டலங்களாக வெட்டிக்கொள்வார்கள். ஒரு மண்டலத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே ஒரு புள்ளியில் குடியிருக்கிறார்கள், காலையில் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வார்கள். பொய்தான்; ஆனால் தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பொய். அது இல்லாவிட்டால் கணினிக்கு மூச்சு வாங்கும். அறுபத்தோராம் மண்டலத்தின் நட்டநடு குடிநீர்த் தொட்டிக்குள் விழுந்தது. ஆயிரத்து எண்ணூறு பேரைத் தண்ணீருக்குள் குடிவைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த மண்டலத்தில் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த முகவரி தன்னுடையது ஒன்றுதான். அதைக் கணினியில் தட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

மாலையில் போனவர்கள் திரும்பினார்கள். வாசல் வழியாக ஏறி, கூடத்தைக் கடந்து, சாமான் அறைக் கதவைத் திறந்தால் அவரவர் வீடு அவரவருக்குக் கிடைத்தது. மதிப்பீட்டாளரோ அவர் மனைவியோ திறந்தால் இரண்டு பெட்டிகளும் நாற்காலியும்தான். மூன்றாம் நாளுக்குள் விதிகள் எல்லோருக்கும் அத்துப்படியாகிவிட்டன. வேலைக்குப் போனால் இந்த வழி. குப்பை கொட்டவோ மூலைக்கடைக்கோ போனால் பழையபடி சொந்த வாசல். அறிக்கையில் நடைப் பயணங்களைச் சேர்ப்பதில்லை. கள ஆய்வுக் குழு வந்து ஒரு வாரம் வாசலில் நின்று எண்ணியது. அறிக்கையில் இருந்தபடியே தினமும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. வக்கீல் காய்ச்சலில் படுத்த அன்று, அவரைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்த மைத்துனருக்குத் திடீரென்று ஒரு வேலை ஞாபகம் வந்தது; அவர் எண்ணிக்கையைச் சரிக்கட்டினார். வழக்கமாக மதிப்பீடு முப்பது சதவீதம் முன்னே பின்னே இருக்கும் அலுவலகத்தில் இது முதல் அதிசயம். தலைமைப் பொறியாளர் மதிப்பீட்டாளரின் தோளைத் தட்டி, “உன் வாய்தான்யா பேசாது, நம்பர் பேசுது” என்றார்.

மதிப்பீட்டாளருக்கு அது கொண்டாட்டமாக இல்லை. அவர் சத்தம் ஆகாத மனிதர். பேச்சில்லாத வீடு ஒன்றைப் பதினைந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார். காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு புத்தகத்தின் இரண்டு பக்கம் படிப்பார். பிறகு அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் சும்மா இருப்பார். மனைவி எதிரே உட்கார்ந்து காய் நறுக்குவாள். ஏங்க என்பாள், ம் என்பார், அதோடு அன்றையப் பேச்சு முடிந்துவிடும். இப்போது அவருடைய ஜன்னலுக்கும் புத்தகத்துக்கும் நடுவே நிமிடத்துக்குப் பத்துப் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் என்ன புத்தகம் என்று கேட்டார்கள். ஒருவர் முடிவைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் கூட்டம் தொடங்குமுன், ஆறரைக்கே, சமையலறைப் பின்கதவு வழியாகத் திருடன் மாதிரி நழுவி அலுவலகம் போகத் தொடங்கினார்.

மனைவியின் கதை வேறு. அவள் இருபத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவளாக இருந்தவள். நாளொன்றுக்கு நானூறு அந்நியர்களிடம் பேசிப் பழகிய குரல். நிலையத்தை மூடிய நாளோடு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. முதல் திங்கட்கிழமை அவள் மிரண்டுபோய்ச் சமையலறைக்குள் நின்றாள். செவ்வாய்க்கிழமை எட்டிப் பார்த்தாள். புதன்கிழமை ஆசிரியை படியில் தடுக்கி விழப்போனபோது, “அம்மா, பாத்து! கடைசிப் படி இறக்கம்!” என்று கத்தினாள். வியாழக்கிழமையிலிருந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு மாதத்தில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேருக்கும் ஆளுக்கொரு வார்த்தை வைத்திருந்தாள். “சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கீங்க தம்பி.” “பல்வலி தேவலையா?” “நேத்து ஏன் அழுதுகிட்டே வந்தீங்க? சாயங்காலம் சொல்லுங்க, இப்ப நேரமாச்சு.” அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு பதினோரு வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி இருவர் தினமும் கூடத்தில் முட்டிக்கொண்டார்கள். அண்ணன் முகத்தைத் திருப்ப, தம்பியும் திருப்ப, அவள் நடுவில் நின்று, “ரெண்டு பேரும் அந்தப் பக்கமே பாத்துகிட்டுப் போனா நிலைக்கதவுல யாரு இடிச்சுக்கறது?” என்றாள். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வர இரண்டு வாரம் ஆனது.

ஆனாலும் புகார்கள் வந்தன. மண்டலத்தின் மறுகோடியில் இருந்தவர்களுக்கு இருபது நிமிடம் நடை கூடிப்போயிருந்தது. புள்ளியை இடம் மாற்ற வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். ஒருநாள் மதியம் மதிப்பீட்டாளர் யாருக்கும் சொல்லாமல் அதைத் தொட்டிக்கே நகர்த்திப் பார்த்தார். அந்த நான்கு நிமிடத்துக்குள் வீட்டை விட்டுக் கிளம்பிய வக்கீலும் அவருடைய கோப்புகளும் தொட்டியின் மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு வெளிவந்த செய்தி கேட்டு, திரும்ப வைத்துவிட்டார். பள்ளிக்கூட மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மாற்று இடம் சொல்லாமல் ஆட்சேபிக்கக் கூடாது என்பது விதி. வக்கீல், கண்ணாடிக் கடைக்காரர் வீடு விசாலம் என்றார். கண்ணாடிக் கடைக்காரர், வக்கீல் வீட்டுக்கு இரண்டு வாசல் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். தனியாக வாழ்ந்த ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி, தன் வீட்டைத் தரத் தயார், ஆனால் எல்லோரும் உயரப்படி வரிசையில் வரவேண்டும் என்றார். கடைசியில் யாரோ மரக்கிடங்கை நினைவுபடுத்தினார்கள். வரப்போகும் நிலையத்துக்கு எதிரே காலி இடம், லாரி நுழையும் அகலத்துக்குக் கதவு, குடியிருப்பவர் யாருமில்லை. மண்டபமே கை தட்டியது. மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டவில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு இறுதிக் கோப்பு ரயில் வாரியத்துக்குப் போகும். அதற்குப் பிறகு, அடுத்த பெரிய ஆய்வு வரும்வரை, முப்பது வருடத்துக்குப் புள்ளியை யாரும் தொட முடியாது. மதிப்பீட்டாளர் செய்ய வேண்டியது புள்ளியின் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களை மாற்றித் தட்டுவதுதான். வியாழன் மாலை கடைசி ஆள் சாமான் அறைக்குள் போன பிறகு வீடு அடங்கியது. அவர் புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிரே அவள் உட்கார்ந்து காய் நறுக்கினாள். ஏங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவர் ஆசைப்பட்டதெல்லாம் இந்த அமைதிக்குத்தான். ஆனால் அன்று ஒரே வரியை ஏழு தடவை படித்தார். அவள் கத்தியைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தாள். காய்ந்த இருமல் ஒன்று வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருடமும் இந்த வீட்டின் மௌனத்தை இருவரும் சேர்ந்து விரும்பி வைத்துக்கொண்டதாகவே அவர் நம்பியிருந்தார். அவளை யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டிருக்க வேண்டியவர் அந்த வீட்டில் ஒருவர்தான்.

மறுநாள் அவர் ஆறரைக்குக் கிளம்பவில்லை. படுக்கையறைக் கதவோரம் நின்று கூடத்தைப் பார்த்தார். மனைவி வாசலில் நின்று எல்லோரிடமும் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “திங்கக்கெழமலேருந்து மரக்கெடங்கு வழிங்க. அங்க படியே இல்ல, சௌகரியம்தான். பழகிக்குங்க.” ஆசிரியை, “நீங்க அங்க வந்து நிப்பீங்களாம்மா?” என்று கேட்டாள். “அங்க எதுக்கு நானு? பூட்டின எடத்துல நின்னா மரத்தோட மரமா என்னையும் ஏத்திட்டுப் போயிடுவாங்க” என்று அவள் சிரித்தாள். அண்ணன்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டுப் படியிறங்கினார். மதிப்பீட்டாளர் தன் பையை எடுத்துக்கொண்டு மெல்ல வரிசையில் சேர்ந்தார். அவருக்கு முன்னால் மூன்று தையல்காரிகள், பின்னால் வக்கீல். தன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர அவருக்கு ஆறு நிமிடம் பிடித்தது. அவள் வழக்கம்போல ஆளுக்கு முன்னால், படியில் இறங்கும் காலைப் பார்த்தாள். “கடைசிப் படி இறக்கம். மதியம் வேளைக்குச் சாப்பிடுங்க. பத்திரமாப் போயிட்டு வாங்க” என்றாள். பிறகுதான் செருப்பை அடையாளம் கண்டு நிமிர்ந்தாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அவர், “வர்றேன்” என்றார். பின்னால் வக்கீல், “கொஞ்சம் நகருங்க சார், கோர்ட்டுக்கு நேரமாச்சு” என்றார்.

நாலே முக்காலுக்குத் தலைமைப் பொறியாளர் அவர் மேசைக்கு வந்தார். திரையில் பழைய எண்களே இருந்தன.

“என்னய்யா, இன்னும் மாத்தலியா?”

“மரக்கெடங்குல யாரும் இல்லீங்க.”

“யாரும் இல்லாததாலதானேய்யா அங்க வெக்கச் சொல்றோம்!”

“வாசல்னா யாராவது நிக்கணுங்க” என்றார் மதிப்பீட்டாளர். அந்த அலுவலகத்தில் அவர் ஒரே நாளில் இரண்டு வாக்கியம் பேசியது அதுவே முதல் தடவை. தலைமைப் பொறியாளர் கையெழுத்துப் போட்டார். கோப்பு ஐந்து மணிக்கு அப்படியே போனது.

சுரங்கம் தோண்ட ஆறு வருடம் ஆனது. ரயில் ஓடத் தொடங்கி இப்போது ஒன்பது வருடம். மறுகோடிக்காரர்கள் இரண்டு வருடம் முணுமுணுத்தார்கள். மருத்துவர்கள் அவர்களுக்கு நடை நல்லது என்றதும் நிறுத்திக்கொண்டார்கள். மண்டலத்தில் பலர் தங்கள் முன்வாசல் படிகளில் பூந்தொட்டிகளை அடுக்கிவிட்டார்கள். மதிப்பீட்டாளர் ஓய்வு பெற்றுவிட்டார். என்றாலும் காலையில் ஒருமுறை பையோடு வரிசையில் வந்து, சொல்ல வேண்டியதைக் கேட்டுக்கொண்டு, தெருவை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புகிறார். பிறகு ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்கிறார். அறுபத்தோராம் மண்டலத்தில் வாடகைக்கு வீடு காட்டும் தரகர்கள் தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் வரும், காலை வெயில் ஜன்னலில் அடிக்கும் என்பதோடு சேர்த்து, வெளியே போகிற வழி மதிப்பீட்டாளர் வீடு என்பதையும் சொல்லிவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அது தொந்தரவா என்று கேட்டால், தரகர்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. “ஒண்ணும் கஷ்டமில்லீங்க. குடைய வாசல்லயே மடக்கிடுங்க. ஐயாகிட்டப் பேச்சுக் குடுக்காதீங்க, அம்மாகிட்டச் சொல்லாமப் போகாதீங்க.”