கிளைதாவி

அந்தக் கண்ணாடிக்கடைக்காரருக்கு வங்கி மாறுவதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. எந்த வங்கி அரை சதவீதம் வட்டி கூட்டித் தருகிறதோ அங்கே ஓடிவிடுவார். ‘புதிய வாடிக்கையாளருக்கு போனஸ்’ என்று ஒரு பலகையைப் பார்த்துவிட்டால் போதும், மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது. வங்கிக்காரர்கள் துண்டுத்தாளின் அடியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பார்களே, அந்தப் பாச்சா எல்லாம் இவரிடம் பலிக்காது. பகலெல்லாம் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் மாட்டுகிற ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும்.

“அவங்க நட்சத்திரம் போட்டா நான் லென்ஸ் போடுவேன்” என்பார்.

வீட்டில் வங்கிகள் கொடுத்த சுவர்க் கடிகாரங்கள் மூன்று. ஆளுக்கொரு நேரம் காட்டும். குடைகளுக்குக் கணக்கே இல்லை. “இத்தனை குடை கொடுத்தாங்களே, மழையையும் ஏதாவது ஒரு பேங்க்ல கேட்டுப் பாருங்களேன்” என்பாள் மனைவி. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கடையில் லென்ஸ் வெட்டுகிற இயந்திரம் வந்ததும், மகன் கடன் இல்லாமல் படித்து முடித்ததும் இந்த ஓட்டத்தில்தான். ஒற்றை ஆள் நடத்துகிற கடை. வேறு எந்த வழியில் அவர் நாலு காசு சேர்ப்பார்?

அந்த மகனோடுதான் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

சண்டைக்குக் காரணமும் வங்கிதான். வெளியூரில் வேலை கிடைத்து மகன் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு புது வங்கியின் தாளோடு வந்து நின்றார் அப்பா. ஆள் சேர்த்துவிட்டால் சேர்த்துவிட்டவருக்கும் போனஸ் உண்டாம்.

“ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போடா. உனக்கும் லாபம், எனக்கும் லாபம்.”

மகன் நிமிர்ந்து பார்த்தான். “ஊருக்குப் போறேன். பத்திரமா இருன்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? நான் உங்க பையனா, இல்ல உங்க போனஸா?”

“இப்ப என்னடா தப்பாக் கேட்டுட்டேன்?”

“கிளைக்குக் கிளை தாவிக்கிட்டே இருங்க. சரியான கிளைதாவி!”

மனைவி சிரித்துவிட்டாள். வங்கிக்கும் கிளை, மரத்துக்கும் கிளை. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கோ குரங்கு என்று சொல்லாமல் சொன்னது சுருக்கென்று தைத்தது. “உன் காசு ஒண்ணும் எனக்கு வேண்டாம், போடா” என்று கத்திவிட்டார். மகனும் போய்விட்டான்.

மாதங்கள் ஓடின. அம்மாவுக்கு மட்டும், அப்பா கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து போன் வரும். அப்பா அழைத்தால் எடுக்க மாட்டான். பிள்ளை இல்லாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதை வெளியே சொல்வாரா? வேறு மாதிரி சொன்னார்.

ஒரு நாள் காலையில் டீக்குக் காத்திருந்தபடி ஆரம்பித்தார். “வேலைக்குப் போய் எவ்வளவு நாளாச்சு. அப்பன்னு ஒருத்தன் இருக்கானேன்னு ஒரு நினைப்பு உண்டா அவனுக்கு?”

மனைவி டம்ளரை ணங்கென்று வைத்தாள். “அனுப்பினதைத் திருப்பி அடிச்சிட்டு இப்பக் கேள்வி வேறயா? முதல் சம்பளத்தை உங்களுக்குத்தான் முதல்ல அனுப்பினான். திரும்பி வந்துச்சு. மறுபடியும் அனுப்பினான். மறுபடியும் திரும்பிடுச்சு. ‘ஏற்கப்படவில்லை’ன்னு அவன் போன்ல வந்துச்சாம். அப்பாகிட்ட எதுவும் கேட்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். இத்தனை நாளா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

“நான் எங்கே திருப்பினேன்? என் கைக்கு வந்தாத்தானே?”

சொல்லும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மகனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்றுதான். அவருடைய முதல் கணக்கு. சின்ன வயதில் அப்பாவோடு வங்கிக்குப் போய், வாசல் இரும்புக் கதவில் தொற்றி ஆடிக்கொண்டே அந்த எண்ணை அவன் பாட்டாகப் பாடுவான். எத்தனை வங்கி மாறினாலும் அந்தக் கணக்கை மட்டும் அவர் விட்டு வைத்திருந்தார். மகன் போன ஆத்திரத்தில் அதையும் மூடினார். பழைய கணக்கை மூடிவிட்டு வந்தால் போனஸோடு ஒரு மின்சாரக் கெட்டிலும் தருகிறோம் என்று வேறொரு வங்கி சொல்லியிருந்தது. நிபந்தனைகளை லென்ஸ் வைத்து ஒன்று விடாமல் படித்துத்தான் மூடினார். பிள்ளை பணம் அனுப்புவான் என்று எந்த நட்சத்திரக் குறியும் சொல்லவில்லையே.

அந்தக் கெட்டில்தான் இப்போது அடுப்பு மேடையில் கொதித்துக்கொண்டிருந்தது.

“நீ அவன்கிட்ட எடுத்துச் சொல்லேன்.”

“நான் சொன்னா நம்புவானா? அப்பாவுக்கு வக்காலத்து வாங்குறேன்னு சொல்லுவான். நீங்க பண்ணின வேலை, நீங்களே சரி பண்ணுங்க.”

கடையைக்கூடத் திறக்காமல் பழைய வங்கிக்குப் போனார். மேலாளர் அம்மா அவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். இவர் கடையில் கண்ணாடி போட்டுக்கொண்ட பழக்கம்.

“வாங்க சார். திரும்பி வந்துட்டீங்களா? நல்ல நேரம். இப்ப புதுக் கணக்குக்குப் போனஸ் இருக்கு, வட்டியும் கூட்டியிருக்கோம்.”

“என் பழைய நம்பர் கிடைக்குமா?”

“மூடி ஒரு வருஷம் ஆகலை. அதையே திறந்துடலாம். ஆனா நீங்க பழைய வாடிக்கையாளர் ஆயிடுவீங்க. போனஸ் கிடையாது. வட்டியும் இருக்கறதுலேயே குறைச்சல்தான். உங்களுக்குத் தெரியாததா, புதுசே தொடங்குங்களேன்.”

பொய் சொல்வானேன், அவர் கை ஒரு கணம் அந்தப் புதுத் தாள் பக்கம்தான் போனது. ஊறிப்போன பழக்கம் சும்மா விடுமா?

“நம்பர் மாறாதில்ல?”

“ஒரு எண்கூட மாறாது.”

“பழசையே திறங்கம்மா.”

எதையும் படித்துப் பார்க்காமல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். பூதக்கண்ணாடி சட்டைப்பையிலேயே கிடந்தது. மேலாளர் அம்மா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். “அந்த நம்பர் திறந்திருக்குன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

மதியம் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. பணம் வந்திருந்தது. சம்பளப் பணம் இல்லை, ஒற்றை ரூபாய். அனுப்புவதற்கு அதைவிடச் சின்னத் தொகை கிடையாது. அவர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

“வந்துச்சா?” என்றான் மகன். அப்பா என்று கூப்பிடவில்லை.

“வந்துடுச்சுடா.”

“திரும்பி வருதான்னு இவ்வளவு நேரம் பார்த்துட்டு இருந்தேன்.”

“வராதுடா. நான் எப்பவும் திருப்பலை. ஒரு கெட்டிலுக்கு ஆசைப்பட்டு கணக்கையே மூடித் தொலைச்சேன். அறிவு கெட்டவன்.”

 “கெட்டிலா?” என்றான்.

“ஆமாண்டா. மூடி வேற சரியா நிக்காது.”

மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

“இப்ப எவ்வளவு வட்டி தர்றாங்க?”

“ஒண்ணும் பெரிசா இல்லை. போனஸும் கிடையாது.”

“நீங்களாப்பா இப்படிப் பேசறது? அப்புறம் எதுக்கு அங்கேயே திறந்தீங்க?”

அப்பா என்ற சொல் வந்துவிட்டது. 

“வேற நம்பர்னா உனக்குத் தெரியாதேடா. இதுன்னா நீ கதவுல ஆடிக்கிட்டே பாடுவியே.”

 மகன் மெதுவாக, அந்தப் பழைய ராகத்திலேயே ஆரம்பித்தான்.

“நாலு ஏழு ஏழு, ரெண்டு ஏழு ஏழு, அஞ்சு...”

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

“...அஞ்சு ஒண்ணு ஒம்போது” என்று இவர் பாடி முடித்தார். கடைக்குள் நுழைந்த வாடிக்கையாளர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “உட்காருங்க சார், பையன் பேசறான்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.