மேலே வந்த மீன்கள்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையில் இடம் கிடைக்காமல் போனவற்றால் ஆனது. கட்டுரையும் என்னுடையதுதான்: ‘வகுப்பறைக்குள் ஒரு குளம்’, ஞாயிறு இணைப்பு, அரைப் பக்கம், வண்ணப் படத்துடன். பள்ளி வகுப்புகளில் மீன்தொட்டி வைப்பதால் வரும் நன்மைகளைப் பற்றியது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யோசனை கொடுத்தவள் என் மனைவியின் தங்கை. நான்காம் வகுப்பு ஆசிரியை. தற்காலிகப் பணி, ஒவ்வொரு வருடமும் தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் வேலை. “எங்க கிளாஸுக்கு ஒரு தடவை வந்து பாருங்க அத்தான். தொட்டி வெச்சதுலேர்ந்து பிள்ளைங்க கத்துறதே இல்ல” என்றாள்.

பக்கத்தில் இருந்த என் மனைவி, “வீட்டுல ரெண்டு செடிக்குத் தண்ணி ஊத்த ஞாபகம் வராது. இவரு மீனைப் பத்தி எழுதப் போறாராம்” என்றாள்.

கதைக்குள் என் மச்சினி ‘டீச்சர்’. வெளியே அவள் அவள்தான்.

2

முதல் தொடக்கம்:

‘திங்கட்கிழமை காலை வகுப்புக் கதவைத் திறந்தபோது, தொட்டியிலிருந்த மீன்கள் எல்லாம் —’

[நிறுத்திவிட்டேன். செத்த மீனில் தொடங்கினால் இது துப்பறியும் கதை என்று நினைப்பீர்கள். துப்பறிய இங்கே எதுவும் இல்லை. யார் செய்தது என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.]

இரண்டாவது:

‘அந்தச் சிறுமி பேசவே மாட்டாள். பாவம், அவளுடைய —’

[‘பாவம்’ வந்ததுமே அடித்தேன். வீட்டில் அவள் வாய் ஓயாது என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார். வகுப்பில்தான் பேசுவதில்லை.]

மூன்றாவது. இது இருக்கட்டும்:

‘தொட்டி வந்த மூன்றாவது வாரம், இரண்டாம் வரிசைச் சிறுமி டீச்சரின் மேசைக்கு வந்து நின்றாள். வருகைப் பதிவுக்குக்கூட அவள் கையைத்தான் தூக்குவாள். அன்றைக்கு வாயைத் திறந்தாள்.

“குட்டி போட்டிருக்கு. பதினொண்ணு.* ஒண்ணை அதோட அம்மாவே தின்னுடுச்சு. இப்போ பத்து.”

எதற்குச் சந்தோஷப்படுவது என்று டீச்சருக்குப் புரியவில்லை. அந்த வாரமே வகுப்பு அவளுக்கு “மீன்காரி” என்று பட்டம் கட்டியது. மரியாதையான பட்டம். தீனி எவ்வளவு போடுவது, நத்தை தூங்குகிறதா செத்துவிட்டதா, எந்தச் சந்தேகம் வந்தாலும் “மீன்காரியைக் கேளு” என்பார்கள். அவளும் பதில் சொல்வாள்.’

* எண்ணிக்கை சரிதானா என்று மச்சினியிடம் இரண்டு தடவை கேட்டேன். “பதினொண்ணோ பன்னிரண்டோ. அவ பேசினாளே அத்தான். அதை எழுதுங்க.”

3

கட்டுரையில் நான் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். இன்னும் அதை நம்புகிறேன்.

வகுப்பறையில் இருக்கும் எல்லாமே பிள்ளைகளுக்கு உத்தரவு போடுகின்றன: மணி, கரும்பலகை, சுவரில் ஒட்டிய வாய்ப்பாடு. தொட்டி ஒன்றும் சொல்வதில்லை. அதை வேடிக்கை பார்க்க மதிப்பெண் கிடையாது. கணக்கில் எப்போதும் உதை வாங்குகிறவனும் முதல் ரேங்க்காரியும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆசையாக அள்ளிப் போட்ட தீனி மீனுக்குக் கெடுதல் என்று தெரிந்துகொள்கிறார்கள். அன்பு காட்டும்போதும் அளவு வேண்டும் என்பதை இதைவிட மலிவாகக் கற்பிக்க முடியாது. முறை வைத்துக்கொண்டு இன்னொரு உயிரைப் பார்த்துக்கொள்கிறார்கள். ‘பொறுப்பு’ என்ற சொல் கட்டுரையில் நான்கு இடத்தில் வருகிறது.

தொட்டி சாவையும் காட்டித் தரும் என்று ஒரு பத்தி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசகருக்கு வேண்டாமே என்று நானே எடுத்துவிட்டேன்.

4

‘வெள்ளிக்கிழமை பள்ளிக்கு ஒரு பார்வையாளர் வருவதாக இருந்தது. முதல் மணிக்கு முன்பே தலைமையாசிரியை வகுப்புக்கு வந்துவிட்டார். கூடவே பள்ளியைப் பெருக்கும் அம்மா, பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு. மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொன்னார். அன்றைக்கு மீன் முறை சிறுமியுடையது. வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பழைய தண்ணி பாதி விடணும்” என்றாள்.

தலைமையாசிரியை குனிந்தார். “என்னம்மா?”

“பஞ்சைத் தேய்க்கக் கூடாது. அந்த அழுக்குதான் தண்ணியைச் சுத்தம் பண்ணும். குழாய்த் தண்ணியை ஒரு நாள் வெச்சிருந்துதான் ஊத்தணும். டீச்சர் சொல்லியிருக்காங்க.”

“அழுக்கு சுத்தம் பண்ணுமா? நல்ல பாடம்தான் நடக்குது இங்க.” தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே டீச்சரைப் பார்த்தார். “என்ன மிஸ், அப்படியா?”

டீச்சர் அலமாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

“பரவால்ல மேடம். ஒரு தடவைதானே” என்றார்.’

[சாவி என் கற்பனை. படித்துப் பார்த்த மச்சினி சொன்னாள்: “சாவியெல்லாம் இல்ல அத்தான். சும்மாதான் நின்னேன். அதை எடுத்துடுங்க. சாவி எனக்கு ரொம்ப நல்லது பண்ணுது.” நான் எடுக்கவில்லை. நல்ல வரி.]

5

அந்தப் பார்வையாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் மூன்று பிரதிகளில் அவர் கல்வி அதிகாரி. பருமனான ஆள், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பாத்திரம் நன்றாகவே வந்திருந்தது. வெறுப்பதற்குச் சுலபமாக இருந்தார். அப்படி யாரும் அந்தப் பள்ளிக்கு வரவில்லை. வந்தவன் நான்.

முந்தின நாள் தலைமையாசிரியையிடம் தொலைபேசியில், “தண்ணி கொஞ்சம் பச்சையா இருக்குன்னாங்க. படத்துல மீன் தெரியணும் மேடம், அவ்வளவுதான்” என்று சொன்னவனும் நான்.

பதினோரு மணிக்குப் போனேன். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் கூடி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. படம் பிரமாதமாக வந்தது. யாரோ என் சட்டைக் கையை இழுத்தார்கள். மீன்காரி.

“இதுங்க இப்படி மேல வராது. இன்னைக்குத்தான் எல்லாம் மேல வந்திருக்கு.”

முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் அவள் பேசியிருக்கிறாள். நான் குறித்துக்கொண்டேன். அது இப்படி அச்சானது:

‘“இன்னைக்குத்தான் எல்லாம் மேல வந்திருக்கு!” என்று பூரிக்கிறாள் ஒரு சிறுமி, விருந்தாளியை எட்டிப் பார்க்கும் மீன்களைக் காட்டி.’

மூச்சுத் திணறும் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். கட்டுரைக்காக நான் புரட்டிய கையேடுகள் இரண்டிலுமே அது இருக்கிறது. கட்டுரையில் பொய் இல்லை என்றேன் அல்லவா? ‘பூரிக்கிறாள்’ என்ற சொல் என்னுடையது. அந்த ஆச்சரியக்குறியும்.

6

‘திங்கட்கிழமை தொட்டியில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அதற்கு மேலே சுவரில், கத்தரித்து ஒட்டிய கட்டுரை. தலைமையாசிரியை முறைப்பட்டியலைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை யாரு?”

வகுப்பு முழுவதும் இரண்டாம் வரிசைக்குத் திரும்பியது.

“பொறுப்புன்னா என்னன்னு பேப்பர்லயே போட்டிருக்காங்க. எல்லாரும் ஒரு தடவை படிங்க” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. டீச்சர் சிறிய வலையால் மீன்களை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

இடைவேளைக்குள் மீன்காரி “மீன்கொல்லி” ஆகிவிட்டாள்.

“வாளியில நல்லாத்தான் இருந்துச்சு” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

“கொன்னதும் இல்லாம பேச்சைப் பாரு” என்றது முன் வரிசை.

மறுநாள் வருகைப் பதிவில் அவள் முறை வந்தபோது கையைத் தூக்கினாள்.’

[இந்தப் பகுதியில் திருத்த ஒன்றும் இல்லை. இருந்தால் தேவலை.]

7

முடிவுகள்.

டீச்சர் வகுப்பில் உண்மையைச் சொல்கிறார். இதை மச்சினி முயன்று பார்த்தாள். புதன்கிழமை, “அன்னைக்குத் தொட்டியைக் கழுவினப்போ” என்று ஆரம்பித்தாளாம். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. “சரி, எல்லாரும் நோட்டை எடுங்க” என்று முடித்தாளாம். அந்த வாரம்தான் பணிநீட்டிப்புக் கடிதம் வர வேண்டியிருந்தது. வந்தது.

சிறுமியே எழுந்து நின்று பேசுகிறாள். இதை இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியது, என்னுடைய கண். கிழித்துப் போட்டேன். அவள் ஏற்கெனவே பேசிவிட்டாள், ஒரு தடவை தலைமையாசிரியையிடம், ஒரு தடவை என்னிடம். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களின் வேலையையும் ஒன்பது வயதுக்காரி தலையில் கட்டுவது அநியாயம்.

பத்திரிகை திருத்தம் வெளியிடுகிறது. பத்திரிகை ஆசிரியரிடம் போய் நின்றேன். “மீன் செத்ததுக்குத் திருத்தமா? நாளைக்குக் கோழி செத்ததுக்கும் கேப்பாங்கய்யா. போய் வேலையைப் பாரு.” போய் வேலையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது.

இன்னொரு முடிவை மச்சினி சொன்னாள்.

“நீங்க வாங்க அத்தான். வியாழக்கிழமை மூணாவது பீரியட்ல மேடம் மீட்டிங் போயிடுவாங்க. எழுதறது வேண்டாம். வந்து நின்னு சொல்லுங்க. தண்ணியைத் தெளிவா வைக்கச் சொன்னது நான்தான், இந்தப் பொண்ணு அன்னைக்கே எங்கிட்ட சொல்லுச்சு, எனக்குத்தான் புரியலன்னு. ரெண்டு நிமிஷம்.”

“நீயே சொல்லலாமே?”

“எனக்கு வேலை போயிடும். உங்களுக்கு என்ன போகும்?”

அதற்குப் பிறகு இரண்டு வியாழக்கிழமைகள் வந்து போயின. முதலாவதில் இந்தக் கதைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்ததில் மூன்றாம் பகுதியைச் செப்பனிட்டேன். இதற்கிடையில் சிறுமியைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். அவளே கேட்டுக்கொண்டாள் என்று சொல்கிறார்கள். எப்படிக் கேட்டாள் என்று யாரும் சொல்லவில்லை.

நான் வகுப்புக்குள் போகும் காட்சி எனக்கு நன்றாகவே எழுத வரும். கதவருகே ஒரு தயக்கம், முப்பது முகங்கள், கடைசி வரிசையில் மெல்ல நிமிரும் ஒரு தலை. ஆனால் அதை எழுதி முடித்தால் போய்விட்டு வந்த திருப்தி எனக்குக் கிடைத்துவிடும். அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் எழுதவில்லை.

நாளை வியாழக்கிழமை. இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள். நான் போவேனா மாட்டேனா என்பதை என்னைவிட நீங்கள் சரியாகச் சொல்வீர்கள்.