தானாகத் திறந்த கதவு

தூணில் இடித்தது ராஜிக். பழி விழுந்தது மச்சினி நஜீஹாவின் தலையில்.

ஷார்ஜா முவைலாவில் அவர்கள் பிளாட்டுக்குக் கீழேதான் பார்க்கிங். போனில் பேசிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தவன், அந்த ஏழு சீட் ஜப்பான் வண்டியின் பின்பக்கத்தைத் தூணில் கொண்டுபோய்ச் சாத்தினான். பம்பர் பிளந்தது, டெயில் லைட் நொறுங்கியது. மேலே ஏறி வந்தவன் மனைவி ஃபஸ்னாவிடம்கூட மூச்சு விடாமல், கீழக்கரையில் இருக்கும் மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, உங்க சின்ன மவ வண்டிய இடிச்சிட்டா. போன் பேசிக்கிட்டே ஓட்டுறா. யாரையாச்சும் கொல்றதுக்குள்ள வித்துருவோம்."

மாப்பிள்ளை சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? செய்கு அலாவுதீன் அந்த நிமிஷமே தீர்ப்பு சொல்லிவிட்டார். வண்டியை விற்க வேண்டும். நஜீஹா டைப்பிங் சென்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வர வேண்டும். பதறிப்போய் அவள் கூப்பிட்டபோது, "நான் இல்ல வாப்பா" என்பதை முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை.

"வாய மூடு. மாப்பிள்ள பொய்யா சொல்லுவாரு?" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த வண்டி வாப்பா ஷார்ஜாவில் கடை வைத்திருந்தபோது வாங்கியது. வலப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றியிருந்தார்கள். மாற்றியவன் அரைகுறை. இண்டிகேட்டர் போடப் போனால் வைப்பர் ஆடும். திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. ஸ்டார்ட் செய்ததும் ஒரு ஜப்பான்காரி மரியாதையாக ஏதோ சொல்வாள். வாப்பா ஊரோடு போனபின் அதைக் கட்டி மேய்த்தவள் நஜீஹாதான். குளிர்நாட்டு வண்டிக்கு இந்த வெயில் ஆகாது என்று ரேடியேட்டருக்கு இன்னொரு ஃபேன் வைத்தாள். சின்ன பிளாஸ்டிக் துண்டு உடைந்தாலும் பழைய பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கினாள். லைசென்ஸ் டெஸ்டில் மறுபடி மறுபடி தோற்று, அழுது, கடைசியில் வாங்கியவள். ராஜிக் ஏசியைக் கூட்டச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் தூங்குவான்.

"சாவியக் குடு புள்ள" என்று அவன் கையை நீட்டியபோது கொடுத்துவிட்டாள். ஆனால் ஜப்பானிலிருந்து ஒற்றைச் சாவியோடு வந்த வண்டிக்கு அவளே அலைந்து இன்னொரு ரிமோட் சாவி செய்து வைத்திருந்தாள். அது அவள் ஹேண்ட்பேக்கில் கிடந்தது. ராஜிக்குக்குத் தெரியாது. அந்த வண்டியைப் பற்றி அவனுக்கு என்னதான் தெரியும்?

இடித்ததை அவன் வாயாலேயே வாப்பாவிடம் சொல்ல வேண்டும். அதுவரை இந்த வண்டியை ஒருத்தன் வாங்கிவிடக் கூடாது. அவள் எடுத்த முடிவு அது.

முதலில் வந்தவர் பழைய கார் வியாபாரியான ஒரு பாகிஸ்தான் பட்டாணியர். ராஜிக் வண்டியைக் கட்டடத்துக்கு வெளியே நிறுத்தி இந்தியில் அளந்துகொண்டிருந்தான். முதல் மாடி பால்கனியில் காயப்போட்ட துணிக்குப் பின்னால் நின்று நஜீஹா ரிமோட் சாவியின் பட்டனை அழுத்தினாள். யாரும் தொடாமலே பக்கக் கதவு சர்ரென்று நகர்ந்து திறந்தது. ராஜிக் சிரித்து மழுப்பி மூடினான். மறுபடி திறந்தது. மூடினான். எதிர்ப்பக்கக் கதவு திறந்தது.

"பாய், இஸ்மே ஜின் ஹை!" வண்டிக்குள் ஜின் இருக்கிறது என்று பட்டாணியர் இரண்டு கையையும் உதறினார். "மாஃபி, கலாஸ்!" வேண்டவே வேண்டாமென்று போயே போய்விட்டார்.

ராஜிக் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனான். அங்கே அந்த ஜப்பான் கதவுகள் பூனைக்குட்டி மாதிரி அடங்கிக் கிடந்தன.

அடுத்து சேதுமாதவன் என்ற சென்னைக்காரர், மனைவி ஜலஜாவோடு வந்தார். அந்தம்மா கதவில் சாய்ந்து நின்று செல்ஃபி எடுக்கப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு நகர்ந்தது.

"ஐயோ, என்னங்க! தள்ளுதுங்க இது!"

"ஒண்ணுமில்ல மேடம், செல்ஃப் வெல்கம்" என்றான் ராஜிக். பாவம், சட்டையெல்லாம் வியர்வை.

"வெல்கம் சரி, ஷேக் சயீத் ரோட்ல ஸ்பீடா போறப்பவும் வெல்கம் பண்ணினா?" என்று கேட்டுவிட்டு சேதுமாதவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

மேலே நஜீஹாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. திரும்பினால், ஃபஸ்னா லாத்தா பால்கனி வாசலில் நிற்கிறாள். பார்வை நேராகச் சாவி மேல். நஜீஹா அதைக் காயப்போட்ட துணிக்குள் மறைக்கப் பார்த்தாள்.

லாத்தா கீழே கணவனை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அந்தச் சாவில பேட்டரி எறங்கிருக்கும். புதுசு மாத்திக்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ராஜிக் சுருதி இறங்கி வந்தான். "நஜீ, ஒனக்குத்தான் அது பழக்கம். கீழ வந்து என்னன்னு பாரேன்."

"நான்தான் தொடக்கூடாதே மச்சான். இடிச்சவளாச்சே."

"அதெல்லாம் மனசுல வச்சுக்காத புள்ள."

"வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். வாப்பாவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. யாரு இடிச்சதுன்னு சொல்லுங்க. கதவு அப்புறம் தொறக்காது."

அவன் லாத்தாவைப் பார்த்தான். அவள் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. "போடுங்களேன். நானும் கேக்கணும்."

போட்டான். "மாமா... அந்தத் தூணு கொஞ்சம் மறைவா இருந்துச்சு..."

"எந்தத் தூணு?"

"நம்ம பார்க்கிங்ல. ரிவர்ஸ் எடுக்குறப்ப. நான்... நான்தான் மாமா எடுத்தேன். நஜீ அன்னிக்கு டூட்டில இருந்தா."

 மறுமுனையில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துப் போனது.

"அப்ப எம்மவ மேல ஏன் சொன்னீங்க மாப்பிள்ள?"

 ராஜிக்குக்குக் காது மடல் வரை சிவந்திருந்தது. இதைப் பார்க்கத்தான் நஜீஹா இத்தனை நாள் காத்திருந்தாள். பார்த்தாயிற்று. ஆனால் எரிச்சல் தணியவில்லை. பொய் சொன்னவன் எதிரே நிற்கிறான். அதை நம்பியவர்?

"விக்கப் பாத்தது போதும். வண்டி அவகிட்டயே இருக்கட்டும். ஊருக்கும் வரவேணாம்" என்றார் வாப்பா.  "போன அவகிட்ட குடுங்க. நான் பேசணும்."

ராஜிக் போனை நீட்டினான். நஜீஹா வாங்கவில்லை. ஷெல்ஃபில் இருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"நஜீ, வாப்பா லைன்ல இருக்காங்க" என்றாள் லாத்தா.

"இருக்கட்டும் லாத்தா. டெயில் லைட் வாங்கப் போறேன், கடைய அடைச்சிருவான். நான் கூப்பிட்டப்ப போன வச்சாங்கல்ல? நாளைக்குப் பேசுறேன்னு சொல்லு."

ஸ்பீக்கரில் வாப்பாவுக்கு அது நன்றாகக் கேட்டிருக்கும். கேட்க வேண்டுமென்றுதான் அவள் உரக்கச் சொன்னாள்.