ஆர்கனுக்குக் காற்றடித்தவர்

எங்கள் ஊர்த் தேவாலயத்துக் குழாய் ஆர்கனுக்கு நூறு வயது ஆனதென்று சபைச் செயலாளர் சுதாகர் ஒரு சிறப்பு மலர் போட்டார். ஆர்கன் கப்பலில் வந்ததாம். ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிவந்தார்களாம். முதல்நாள் ஒரு துரைசானி அழுதுகொண்டே வாசித்தாளாம். அவள் அழுததுவரை சுதாகருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்குக் காற்றடித்தவர் என் நைனா முருகவேல். மோட்டார் வரும்வரை முப்பத்தெட்டு வருடம். ஆர்கனுக்குப் பின்னால் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கிற சந்தில், துருத்திக் கட்டையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கவேண்டும். கை ஓய்ந்தால் பாட்டு நடுவில் செத்துவிடும். சபையார் ஒருவரும் அந்தப் புழுக்கத்துக்கு வரவில்லை. கூலிக்கு நாற்று நடுகிற, மலைமேல் முருகனைக் கும்பிடுகிற என் நைனாதான் வந்தார். ஞாயிறு விடியலில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போவார். பழைய பாதிரியார் அதற்கு ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

"உங்க நைனா பேரும் போட்டோவும் மலர்ல வரணும் காஞ்சனா," என்று சுதாகரே வீட்டுக்கு வந்து கேட்டார். துருத்திப் பக்கத்தில் நைனா நிற்கிற ஒரே படத்தை நான்தான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். நைனா இரண்டு மாதமாகப் பார்த்தவரிடமெல்லாம் மலரில் வரப்போவதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மலர் வந்தது. படம் இருந்தது. நெற்றியில் திருநீறு இல்லை, சுத்தமாக அழித்திருந்தார்கள். கீழே, 'காற்றடித்த விசுவாசி ஒருவர்'. பெயரும் இல்லை.

நேராகச் சுதாகரிடம் போனேன்.

"கோவப்படாதம்மா. இது சபை புஸ்தகம். நெத்தியில அது இருந்தா நாலு பேர் கேப்பாங்க. பேரு வேற முருகவேலு. நான் இன்னா பண்றது?"

"முப்பத்தெட்டு வருசம் அந்த நெத்தியோடதான சார் அடிச்சாரு? காத்து மட்டும் ஆவுமா உங்களுக்கு?"

அவர் இன்னும் இரண்டு மலர்களை எடுத்து என் கையில் திணித்தார்.

ஒளித்துவைத்துவிடலாம் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். நைனா வாசலிலேயே கை நீட்டிவிட்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. படத்தைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாம்மா இது? நெத்தி வெறுமனே கீது. அன்னிக்கு குளிக்காமயே போயி நின்னுட்டனா? சாமி இருக்கற எடத்துக்கு அப்பிடி போவமாட்டனே."

"தெரியலியே நைனா."

"பெரிய தப்பு பண்ணிட்டேன்," என்றார். அவர் முகம் சுண்டிவிட்டது. பிறகு கேட்டார். "எம் பேரு எங்க கீது?"

அவர் விரலைப் பிடித்து, 'விசுவாசி ஒருவர்' என்ற இடத்தில் வைத்தேன்.