இரண்டு சைக்கிளும் ஓர் ஏற்றமும்

புதுச் சைக்கிள் வாங்குவது என்று நோக்வாண்டா தீர்மானித்து மாதங்கள் ஓடிவிட்டன. எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. ஹோவிக் ஊரில் அடுத்தவர் முதுகுவலியைத் தீர்க்கும் பிசியோதெரபிஸ்ட் அவள், அவளுக்கே முதுகுவலி. பழைய சைக்கிளில் முன்பக்கம் மட்டும்தான் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங். காட்டுப் பாதையின் ஒவ்வொரு வேரும் பின்சக்கரம் வழியாக நேரே இடுப்பில் ஏறி உட்கார்ந்தது.

கடைக்காரர் டியோன் ஞாயிற்றுக்கிழமை மலைக்காட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி இரண்டு சைக்கிள்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்று லேசானது, பின்னால் சின்ன ஸ்பிரிங். மற்றது கனமானது, பின்னால் பெரிய ஸ்பிரிங்; எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் மெத்தைபோல் வாங்கிக்கொள்ளும்.

"கனமானதையே எடு. இறக்கத்துல நீ தப்புப் பண்ணினாலும் அது காப்பாத்திடும்" என்றார் டியோன். கணவன் பெக்கானியும் அவர் கட்சி.

முதல் சுற்றில் பெக்கானி லேசானதில் வர, நோக்வாண்டா கனமானதில் இறங்கினாள். பாறைப் படிகள் காலுக்குக் கீழே கரைந்துபோனதுபோல் இருந்தது. இதுதான் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டாள். ஆனாலும் இரண்டாவது சுற்றுக்கு லேசானதை எடுத்துக்கொண்டு, கனமானதைப் பெக்கானியிடம் தள்ளினாள்.

பாதி ஏற்றத்திலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது.

"மாசோண்டி, நில்லு!" பிறந்த குலப்பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவான். "இது சைக்கிளா எருமையா? மிதிக்க மிதிக்கப் பின்னாலயே இழுக்குது."

"அது மேல பழி போடாத. நேத்து நெருப்புல சுட்டுத் தின்ன கறி இழுக்குது."

அவன் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினான். "இன்னிக்கும் யாரோ சுடறாங்க போல."

ஆகஸ்ட் மாதம்; அந்த ஊரில் மழையில்லாத குளிர்காலத்தின் கடைசி, புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். மலைப்பக்கமிருந்து காலையிலிருந்தே சூடான காற்று. யூகலிப்டஸ் மரங்கள் கடல்போல் இரைந்துகொண்டிருந்தன. கீழிருந்து ஒரு சின்ன மான் பாதையைக் குறுக்கே தாண்டி, மனிதர்களைக் கண்டும் விலகாமல், மேல்நோக்கி ஓடியது. அதன் பின்னாலேயே புகை வந்தது.

கீழே, அவர்கள் காரை நிறுத்தியிருந்த பக்கம் வானம் பழுப்பாகிவிட்டிருந்தது. போனில் டவர் இல்லை.

"இறங்கிடலாம். இறக்கம்தானே, ஒரே பாய்ச்சல்ல வண்டிக்குப் போயிடலாம்" என்று பெக்கானி சைக்கிளைத் திருப்பினான்.

"நெருப்புக்குள்ளயா பாய்வ?"

"வேற எங்க போறது?"

"மேல. ஜூன்ல காட்டைப் பாத்துக்கிறவங்க, தீ தாண்டாம இருக்க முகட்டுல புல்லைக் கொளுத்தி விட்டாங்களே, கறுப்பா ஒரு பட்டை இருக்கும். எரிஞ்ச இடத்துல திரும்ப எரிய ஒண்ணும் இல்ல."

"அவ்வளவு தூரம் என்னால முடியாது."

"முடியணும்."

ஏறினார்கள். முதல் திருப்பத்திலேயே பெக்கானியின் முகம் வெளுத்தது. அடுத்த திருப்பத்தில் கால் ஊன்றி நின்றுவிட்டான். நோக்வாண்டா இறங்கி லேசான சைக்கிளை அவன் கையில் திணித்தாள். "இதுல போ. பேசாத, மிதி!"

அவன் போனான். சைக்கிள் அவனை ஏந்திக்கொண்டு போனது; ஒரு வளைவில் மறைந்தும்விட்டான். கனமானதில் ஏறிய நோக்வாண்டாவுக்கு அப்போதுதான் அதன் சுயரூபம் தெரிந்தது. ஒவ்வொரு மிதியையும் அந்த ஸ்பிரிங் விழுங்கியது. தொடை பற்றி எரிந்தது. மரப்பட்டைகள் வெடிக்கும் சத்தம் பின்னால் நெருங்கியது. இறங்கித் தள்ளினாள். புகையில் கண் தெரியவில்லை. இருமிக்கொண்டே தள்ளினாள்.

"தூக்கிப் போடு அதை!"

பெக்கானி எதிரே ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் போட்டாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். முட்செடி அவள் முழங்காலைக் கிழித்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை. மரங்கள் முடிந்து, காலடியில் சாம்பல் பறந்தது.

கறுப்புப் பட்டையின் நடுவில், லேசான சைக்கிளுக்குப் பக்கத்தில் இருவரும் குப்புற விழுந்தார்கள். நெருப்பு யூகலிப்டஸ் தோப்பின் விளிம்புவரை வந்து ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து உறுமியது. பொறிகள் முதுகில் விழுந்தன. ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டே கிடந்தார்கள். பிறகு தின்ன எதுவும் கிடைக்காமல் நெருப்பு பக்கவாட்டில் திரும்பியது.

தீயணைக்க வந்தவர்கள் அவர்களையும் லேசான சைக்கிளையும் லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள்.

அந்த வாரமே டியோனின் கடைக்குப் போனார்கள். எரிந்துபோன சைக்கிளைப் பற்றி நோக்வாண்டா வாயெடுத்ததும் டியோன் கையமர்த்தினார். "இன்சூரன்ஸ் பாத்துக்கும். ஆள் திரும்பி வந்தீங்களே, போதும். அதே மாடல் இன்னொண்ணு உள்ள இருக்கு, எடுத்துட்டு வரவா?"

"வேண்டாம். லேசானதைக் கொடு."

"இறக்கத்துல குலுக்கும், சொல்லிட்டேன்."

"குலுக்கட்டும். நான் கத்துக்கிறேன். ஏத்தத்துல அந்தக் கனமானதோட மல்லுக்கட்ட என்னால ஆகாது."

டியோன் பெக்கானியைப் பார்த்தார், ஆதரவுக்கு. பெக்கானி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு கொடு" என்றான்.

நோக்வாண்டா திரும்பினாள். "உனக்கு எதுக்கு? இனி காட்டுப் பக்கமே வரமாட்டேன்னு நேத்து உங்க அம்மாகிட்ட சொன்னியே."

"சொன்னேன்." அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். "அன்னிக்கு உன்னை விட்டுட்டு போனேன், மாசோண்டி. முகட்டுக்குப் போற வரைக்கும் திரும்பியே பாக்கல. அப்புறம் பாத்தா நீ இல்ல."

"நான்தானே போகச் சொன்னேன்."

"சொன்னா? திரும்பிப் பாத்திருக்கணும்ல."

அவன் சொன்னது உண்மை. அந்த வளைவில் அவன் முதுகு மறைந்தபோது இனி வரமாட்டான் என்றே தோன்றியதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் அருகில் போய், அவன் இடுப்பு எலும்பில் உள்ளங்கையை வைத்து உயரம் பார்த்தாள்.

"டியோன், இவரோட சைக்கிள்ல சீட்டை ஒரு விரல் ஏத்தி வை" என்றாள்.