அடைப்பில்லாததற்கு ஒரு விருந்து

என் அண்ணன் திஹோமிர் முற்றத்தில் ஒரு முழுப் பன்றியைக் கம்பியில் கோத்துத் தீயில் சுற்றிக்கொண்டிருந்தான். எதற்காம்? அண்ணியின் இதயத்தில் அடைப்பு இல்லை என்று ஆஞ்சியோவில் தெரிந்துவிட்டதாம். செர்பியாவில் எங்கள் பக்கத்தில், நல்ல செய்தி வந்த வீடுதான் தெருவுக்கே விருந்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கஞ்சன் என்ற பேர் சாகும்வரை போகாது.

அண்ணன் பிளம் சாராயக் கோப்பையைத் தூக்கினான்.

"என் விதோசாவாவுக்கு இருபது வயசுப் பொண்ணோட இதயமாம்! டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் முப்பது வருஷம் என் உசிரை வாங்கப் போறா!"

தெருவே சிரித்தது. அந்த இருபது வயசுப் பெண் சமையலறையில் மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பன்றிக்குத் தொட்டுக்கொள்ளக் குடைமிளகாய் சுட்டு உரித்துக்கொண்டிருந்தவள். நெற்றியெல்லாம் வியர்வை.

"மறுபடியும் வந்துருச்சா அண்ணி?"

"கத்தாதே தெசா. தாடை வரைக்கும் இழுக்குது."

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போயி? போன தடவை நீயும்தானே கூட வந்தே?"

வந்தேன். "குழாயெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கு. வலிக்க வழியே இல்லம்மா" என்றார் டாக்டர். வலியில் துடிக்கிறவளிடமே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னச் சின்னக் குழாய்களில் கோளாறு இருந்தால் என்று கேட்டேன். அதெல்லாம் இந்தப் படத்தில் தெரியாது, வேறு சோதனை, இங்கே கிடையாது, தலைநகரில் கேட்டுப் பாருங்கள் என்று தூக்க மாத்திரை எழுதித் தந்தார். அண்ணனிடம் சொன்னேன். "இல்லைன்னு சொன்ன வியாதியைத் தேடித் தலைநகருக்குப் போகணுமா? உனக்குக் கிறுக்கா?" என்றான்.

இந்தத் தடவை நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அதைக் கேட்டு அண்ணன் ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் முகமும் வெளுத்துவிட்டது. பாவி, அவள் மேல் உயிரையே வைத்திருக்கிறவன்.

"சொன்னேன்ல! புகை போகணும்னு ரெண்டு பக்கமும் ஜன்னலைத் தொறந்து வச்சா? குறுக்குக் காத்து நெஞ்சுலதான் அடிக்கும்!"

எங்கள் ஊரில் எந்த வலி வந்தாலும் பழி குறுக்குக் காற்றின் மேல்தான். ஜன்னல்களைப் படார் படார் என்று சாத்தினான். கோப்பையில் மிச்சமிருந்த சாராயத்தை அவள் முதுகில் ஊற்றித் தேய்த்தான்.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் சின்னப் பையன். ஈசிஜி எடுத்துப் பார்த்தான். பழைய ரிப்போர்ட்டையும் பார்த்தான்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. நரம்புத் தளர்ச்சிம்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

"இவளை ஏத்திட்டுப் போங்க தம்பி" என்று கெஞ்சினேன்.

"எந்த வியாதின்னு சொல்லிச் சேக்கறது? எழுத எதுவுமே இல்லையேக்கா."

அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டு, டாக்டர் பையனுக்கு ஒரு தட்டு இறைச்சி கட்டிக் கொடுத்தான். பிறகு முற்றத்துக்குப் போய் மறுபடியும் கோப்பையைத் தூக்கினான். நான் அண்ணியைக் கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டேன்.

"தெசா, அந்த ஜன்னலைச் சாத்தேன்."

"சாத்தித்தான் இருக்கு அண்ணி."

"நல்லாப் பாரு."

எழுந்து போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள்கூடப் போட்டிருந்தது.

"சாத்தித்தான் இருக்கு."

அவள் நெஞ்சில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"அப்ப இது எங்கேருந்துடி வருது?"

ஒரு துண்டைச் சுருட்டிக் கதவடியில் இருந்த இடுக்கில் வைத்து அடைத்தேன்.